நினைவும் சாட்சியும்

மூளையின் மின்னலைகளிலிருந்து ஒருவரின் அனுபவ நினைவைக் கண்டறிய முயலும் சோதனையை உருவாக்கியவர், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் பணியாற்றிய சி. ஆர். முகுந்தன். தடயவியல் நரம்பியலைத் தொழிலாகக் கொள்வோர் முதலில் எதிர்கொள்ள வேண்டியது ஒரு தத்துவக் கேள்வி: நினைவு அறிவாகுமா? மைசூரு மகாராஜா கல்லூரியில் கற்பித்த எம். ஹிரியண்ணா விளக்கிய இந்தியத் தத்துவ தரிசனங்களுள் ஒன்றான நியாயம், நினைவைப் பிரமாணமாக, அதாவது சரியான அறிவின் மூலமாக, ஏற்பதில்லை; மூல அனுபவம் பிழையென்றால் நினைவும் பிழையே. ஒரு கொலையைச் செய்தவருக்கும் நினைவு உண்டு, கண்டவருக்கும் உண்டு; ஏன், விசாரணையில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டவருக்கும் உண்டு. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று, ஒப்புதலின்றி இத்தகைய மூளைச் சோதனையை நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிகச் சரியான தீர்ப்பு. ஒப்புதலோடு நடந்தாலும் சோதனை முடிவு தானே சான்றாகாது. அதன்வழி பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோதான் ஏற்கப்படலாம்.