யாரோ நம்மைச் சுட்டிய விரல்

கூகுளின் அடியில் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரினும் முன்வைத்த பேஜ்ரேங்க், ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் வழக்கத்தைப் பார்த்து உருவானது. ஒரு தளம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் அது சிபாரிசு. மதிப்புள்ள இடத்திலிருந்து வந்தால் எடை அதிகம். பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் கேட்காமல் பக்கத்துத் தெருவில் விசாரிப்போம் இல்லையா, அதேதான்.

சிபாரிசுக்கு மதிப்பு வந்தால் அதற்கு விலையும் வந்துவிடும். 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. உடை, படுக்கை, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கப் பெருங்கடை முதலில் வந்து நின்றது. காரணம், துணிக்கும் கட்டிலுக்கும் சம்பந்தமே இல்லாத ஏராளமான பக்கங்களில் ஒட்டவைக்கப்பட்ட லிங்குகள். கூகுள் அந்தக் கடையைக் கீழே தள்ளியது. ‘இதை நாங்கள் செய்யச் சொல்லவில்லை’ என்றது கடை. தேடல் வேலையைப் பார்த்துவந்த நிறுவனத்தை நீக்கியது. சொல்லவில்லைதான், ஆனால் லாபம் கல்லாவில் விழுந்தபோது எங்கிருந்து வருகிறது என்று கேட்கவும் இல்லை.

இந்த வழக்கு சுலபமானது. சிக்கல் 2012 ஏப்ரல் 24-க்குப் பிறகு வந்தது. அன்று கூகுள் பென்குயின் என்ற மாற்றத்தை இறக்கியது. மட்டமான லிங்குகள் வெறுமனே பயனற்றவை என்ற நிலை மாறி, நம்மைக் கீழே இழுக்கக்கூடியவை ஆயின. அப்படியென்றால் என் போட்டியாளர் ஒரு சூதாட்டத் தளத்திலிருந்து எனக்கு லிங்க் வாங்கி வைத்தால்? பாராட்டு மாதிரி தெரியும் ஒன்றை ஆயுதமாக எறியலாம் என்றாகிவிட்டது.

திருக்குறளில் ‘சிற்றினம் சேராமை’ என்று ஒரு அதிகாரம் உண்டு. அது நாம் யாருடன் சேர்கிறோம் என்பதைப் பற்றியது. நம்மோடு யார் வந்து சேர்கிறார்கள் என்பது வேறு கேள்வி. போகிறவன் வருகிறவன் எல்லாம் என்னை நண்பன் என்று சொன்னால் நான் என்ன செய்ய?

கூகுள் ஒரு வழி கொடுத்தது. அதே வருடம் அக்டோபரில் டிஸவோ கருவி வந்தது. ஒரு எளிய டெக்ஸ்ட் கோப்பில், வரிக்கு ஒன்றாகத் தளங்களின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். இவர்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று பொருள். காசு கொடுத்து வாங்கிய லிங்குகளை இப்படிக் கைகழுவுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. முடிந்தவரை அவற்றை எடுக்கச் சொல்லிவிட்டு, செய்ததை ஒப்புக்கொண்டு மறுபரிசீலனை கேட்பதும் நியாயம்தான்.

என் மனசு ஒப்பாதது இன்னொன்று. பயம் வந்ததும் பட்டியல் நீள்கிறது. இலவசத் தளம், பழைய வடிவமைப்பு, மாசத்துக்கு இருபது வாசகர்கள், எழுத்துப்பிழைகள்: வெளியிலிருந்து பார்த்தால் ஸ்பேமுக்கும், மனசாரப் படித்துவிட்டு ‘இதையும் வாசியுங்கள்’ என்று லிங்க் கொடுத்த ஒரு சின்ன வலைப்பதிவுக்கும் வித்தியாசமே தெரியாது. ‘நச்சு மதிப்பெண்’ போடும் மென்பொருளுக்கும் தெரியாது. அந்தப் பதிவருக்கு ஒருநாள் மின்னஞ்சல் வரும்: உங்கள் லிங்கை உடனே நீக்கவும். பென்குயின் வந்த காலத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் ஏகமாகப் பறந்தன. நேசித்ததற்கு நோட்டீஸ்! டிஸவோ இன்னும் மௌனமானது. கைவிடப்பட்டவருக்குத் தகவலே போகாது.

இத்தனைக்கும் 2016 செப்டம்பரில் பென்குயின் மாறியது. மட்டமான லிங்குக்காகத் தளத்தை இறக்குவதைவிட, அந்த லிங்கைக் கணக்கில் எடுக்காமல் விடுவது என்ற இடத்துக்குக் கூகுள் வந்துவிட்டது. கையால் கொடுக்கப்படும் தண்டனை இன்னமும் உண்டு. அது பெரும்பாலும் காசு கொடுத்தோ ஏமாற்றியோ லிங்க் சேர்த்தவர்களுக்கு. பெரும்பாலான தளங்களுக்கு டிஸவோ தேவையில்லை என்று கூகுளே சொல்கிறது. ஆனாலும் ‘உங்கள் தளத்தில் நச்சு லிங்க் இருக்கிறது’ என்று சொல்லி விற்கும் சேவைகள் நிற்கவில்லை. பயத்துக்கு நல்ல சந்தை இருக்கிறது.

வாங்காத லிங்கை அப்படியே விடலாம் என்பது என் கட்சி. அப்படியும் பட்டியல் போட்டே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு நிமிடமாவது திறந்து படித்துவிட்டுப் பெயரை எழுதட்டும். ஆயிரம் பக்கங்களுக்கு ஏறக்குறைய பதினேழு மணி நேரம் ஆகும். அந்தப் பதினேழு மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க யாரும் தயாராக இல்லை. மென்பொருள் சிவப்பில் காட்டியதையெல்லாம் அப்படியே கோப்பில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.