நாலரை மில்லிமீட்டர் துளைக்குள்

அடி அண்ணாமலைப் பக்கம் போர்வெல்லில் தண்ணீர் குறைந்தால் கேமரா இறக்கிப் பார்க்கிறார்கள். கேசிங் பைப் எங்கே உடைந்திருக்கிறது, எத்தனையாவது அடியில் ஊற்று கசிகிறது என்பது மேலே திரையில் தெரிந்துவிடும். அது ஆறரை அங்குலத் துளை. அதே சோதனையை 4.5 மில்லிமீட்டர் துளையில், வீட்டு மேசையில் வைத்துச் செய்வதுதான் ஏர் ரைஃபிள் பேரலுக்குள் போரோஸ்கோப் எனும் மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்ப்பது.

ஏர் ரைஃபிளைச் சொல்லக் காரணம் சட்டம். துளை 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடுதல் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பங்கேற்கும் 10 மீட்டர் போட்டியும் இதே துளையில்தான் நடக்கிறது. அதில் பத்துப் புள்ளிக்கான பொட்டின் விட்டம் வெறும் அரை மி.மீ. அதனால்தான் பேரலின் உட்புறத்தைப் பற்றி இவ்வளவு கவலை.

பேரலுக்குள் மேடும் பள்ளமுமாகச் சுருள் வரிகள் ஓடுகின்றன. பல ஏர் ரைஃபிள்களில் 12 வரிகள். ஏறத்தாழ 45 செ.மீ.க்கு ஒரு முழுச் சுற்று. ஈய பெல்லட் இந்த வரிகளைக் கவ்விக்கொண்டு சுழன்றபடி வெளியேறுவதால்தான் தடுமாறாமல் பறக்கிறது.

முதல் சிக்கல் கருவியின் பருமன். கடையில் மலிவாகக் கிடைக்கும், போனில் இணைக்கும் போரோஸ்கோப்புகள் பல 5.5 மி.மீ. பருமன். குழாய் அடைப்பு பார்க்கலாம், இதற்குள் நுழையாது. 3.9 மி.மீ. அளவில் கேட்டு வாங்க வேண்டும். பக்கச் சுவரைக் காட்டும் சாய்வுக் கண்ணாடி முனையில் இல்லையென்றால் வெளிச்ச வளையமும் தூரத்து இருட்டும் மட்டுமே தெரியும்.

துப்பாக்கியில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் இழுபடவில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பேரலை மடக்கும் வகையில், மடக்கிய நிலையில் விசை தட்டுப்பட்டால் பேரல் சடாரென்று மேலே பாயும், விரல் போகும். ஆகவே மடக்காமல் வாய்ப்பக்கமாகவே விடுவது நல்லது. ஆனால் பெல்லட் கடைசியாக விட்டுப் பிரியும் இடம் அந்த வாய் விளிம்பு. அங்கே ஒரு பக்கம் மட்டும் சிறு கீறல் விழுந்தாலும் காற்று சமமாக வெளியேறாது, குறி விலகும். உலோக முனை அங்கே உரசவே கூடாது.

இனித் திரை. நாலரை மி.மீ. துளை போன் முழுக்க விரியும்போது எல்லாமே பயங்கரமாகத் தெரியும். புதுப் பேரலிலேயே துளையிட்ட கருவியின் கோடுகள் இருக்கும், அது குறையல்ல. சாம்பல் நிறத் தீற்றல் ஈயம். செம்புள்ளி துரு, அதைத்தான் கவனிக்க வேண்டும். வெடிமருந்து ரைஃபிள்களில், திருச்சி ஆயுதத் தொழிற்சாலையில் தயாராகும் வகைகளில், சூடான வாயு தின்ற வெடிப்பு வலை தோட்டா அறையை ஒட்டித் தெரியக்கூடும். காற்றில் அந்தச் சூடு இல்லை. ஏர் ரைஃபிளில் அப்படி ஒன்றைக் கண்டதாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கேமராவால் காட்ட முடியாதது அளவு. போட்டி பேரல்கள் பலவற்றில் வாய்ப்பக்கம் சற்றே குறுகியிருக்கும். அந்த நுண்ணிய வித்தியாசம் எந்தத் திரையிலும் தெரியாது. மெல்லிய குச்சியால் ஒரு பெல்லட்டைத் தள்ளிப் பாருங்கள். கடைசி இரண்டு அங்குலத்தில் கை இறுக்கத்தை உணரும். நடுவில் எங்காவது திடீரென்று தளர்ந்தால் அது கவலைக்குரியது, படத்தில் அந்த இடம் பளபளவென்று இருந்தாலும்.

படத்தைப் பார்த்துவிட்டுப் பித்தளை பிரஷ்ஷை எடுப்பவர்கள்தான் அதிகம். வேண்டாம். காகிதத்தில் துளைகள் நெருக்கமாக விழும்வரை ஈயத் தீற்றலை விட்டுவிடலாம். சிதறத் தொடங்கினால் கம்பளிப் பஞ்சுக் குண்டு போதும். எண்ணெய் விட வேண்டாம்; அது பின்புறம் ஒழுகி காற்றை அழுத்தும் அறைக்குள் போனால் அழுத்தத்தில் தீப்பற்றி வெடிக்கலாம். சுத்தம் செய்த பேரல் உடனே சரியாகச் சுடாது. சில டஜன் பெல்லட்கள் போன பிறகே பழைய நிலைக்குத் திரும்பும். அதற்கு முன் பேரலைக் குறை சொல்லி விற்க வேண்டாம்.