இசைவற்ற நன்மை: பிலிப்பைன்ஸ் ஆட்சி எழுப்பிய அறவினா

ஒரு மக்களை அவர்களுடைய இசைவின்றி ஆண்டுகொண்டே, அவ்வாட்சி அவர்களுடைய நன்மைக்கானது என்றும் இறைவன் இட்ட கடமை என்றும் ஒரு வல்லரசு கூறுமானால், அக்கூற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பது அறவியலின் கடினமான வினாக்களுள் ஒன்றாகும். அரசின் அதிகாரம் ஆளப்படுவோரின் இசைவிலிருந்தே பிறக்கிறது என்று 1776இல் உலகுக்கு அறிவித்த அமெரிக்க ஐக்கிய நாடுகள் பிலிப்பைன்ஸ் தீவுகளைக் கைக்கொண்டபோது, இவ்வினா அந்நாட்டின் மனச்சான்றை இரண்டாகப் பிளந்தது.

ஸ்பெயினுடன் நடந்த போரின் முடிவில், 1898 டிசம்பர் 10 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி, அமெரிக்கா இரண்டு கோடி டாலர் கொடுத்து அத்தீவுகளைப் பெற்றது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, ஜூன் 12 அன்று, எமிலியோ அகினால்டோவின் தலைமையில் அம்மக்கள் தங்கள் விடுதலையை அறிவித்திருந்தனர். ஆயினும் உடன்படிக்கைப் பேச்சில் அவர்களுடைய தூதருக்கு இடம் மறுக்கப்பட்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லி தம் கொள்கையை 'நல்லெண்ண ஒன்றிணைப்பு', அதாவது வன்முறையின்றி நன்மை செய்து அம்மக்களைத் தம் ஆட்சிக்குள் கொணர்தல், என்று விளக்கினார்.

இக்கொள்கைக்குச் சமய நியாயமும் கூறப்பட்டது. முழந்தாளிட்டு இறைவனை வேண்டியபின், அம்மக்களை உயர்த்தி நாகரிகப்படுத்திக் கிறிஸ்தவர்களாக்குவதே கடமை என்று தமக்குப் புலப்பட்டதாக மெக்கின்லி மெதடிஸ்ட் சபையினரிடம் கூறினார் என்று, அவர் இறந்தபின் 1903இல் வெளியான ஒரு பதிவு சொல்கிறது. அப்பதிவை வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர் எனினும், அக்காலப் புராட்டஸ்டண்டு சபையினர் பலரிடம் நிலவிய எண்ணத்தை அது காட்டுகிறது. ஆனால் அத்தீவினரில் பெரும்பாலோர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களாகவே வாழ்ந்துவந்தனர். 1900 ஜனவரியில் செனட் அவையில் பேசிய ஆல்பர்ட் பெவரிட்ஜ், ஆளும் பணிக்கு இறைவன் தம் இனத்தைத் தேர்ந்துள்ளான் என்று முழங்கிய அதே உரையில், அத்தீவுகளுக்கு அப்பால் சீனத்தின் பெருஞ்சந்தை காத்திருப்பதையும் எடுத்துக்காட்டினார். தன் ஆசைக்கு இசைந்து ஒலிக்கும் அழைப்பையே மிகுந்த ஐயத்தோடு சோதிக்க வேண்டும் என்பது கிறிஸ்தவ ஆன்மிக மரபின் பழைய அறிவுரை; ஆதாயமும் அருளழைப்பும் ஒரே நாவில் ஒலித்த இவ்விடத்தில் அச்சோதனை கைவிடப்பட்டது.

மெய்யியல் சார்ந்த நியாயம் இதனினும் நுட்பமானது. முதிர்ச்சியடையாத மக்களுக்குத் தன்னாட்சி பொருந்தாது, ஆகவே முதிர்ந்தோர் காப்பாளராக நின்று ஆளலாம் என்ற இக்கருத்தை, ஜான் ஸ்டூவர்ட் மில் போன்ற விடுதலைச் சிந்தனையாளரே முன்வைத்திருந்தனர். எனினும் சிறுவனின் காப்பாளர் சட்டத்துக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அச்சிறுவனின் உடைமையால் தாம் ஆதாயம் அடையக் கூடாதவர். குறித்த வயதில் பொறுப்பைத் திருப்பித் தர வேண்டியவர். பிலிப்பைன்ஸிலோ ஆளுவோரே காப்பாளராகவும் பயனடைவோராகவும் முதிர்ச்சியை அளந்து தீர்ப்புச் சொல்லும் நடுவராகவும் இருந்தனர்.

இவ்வாதத்தின் வேரை அசைத்தவர் மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ். ஒருவருடைய வாழ்வின் உட்பொருள் அதை வாழ்பவருக்கே முழுமையாகத் தெரியும், வெளியே நிற்பவர் அதைக் காணாக் குருடராகவே பெரும்பாலும் இருக்கிறார் என்று 1899இல் எழுதிய அவர், தம் நாட்டின் பிலிப்பைன்ஸ் கொள்கையையும் இக்குருட்டுத்தன்மையோடு தொடர்புபடுத்தினார். இக்கருத்தின்படி, இசைவு கேட்பது வெறும் அரசியல் முறைமையாக நின்றுவிடாமல், பிறருடைய நன்மை எது என்பதை அறிவதற்கான வழியாகவும் ஆகிறது.

1899 பிப்ரவரியில் அமெரிக்கப் படைகளுடன் மூண்ட போரில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் வீரர்கள் மாண்டனர். வன்முறையாலும் பஞ்சத்தாலும் நோயாலும் இறந்த பொதுமக்களின் தொகை இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. பின்னர் பள்ளிகள் திறக்கப்பட்டன, 1901இல் நூற்றுக்கணக்கான அமெரிக்க ஆசிரியர்கள் வந்தனர், பொதுச் சுகாதாரமும் மேம்பட்டது. இவை உண்மையான நன்மைகளே. ஆயினும் பின்வந்த நன்மை முன்நடந்த வன்முறைக்கு இசைவாகிவிடாது, ஏனெனில் இறந்தோரிடம் எவரும் இசைவு பெறவில்லை. 1898இல் அறிவிக்கப்பட்ட விடுதலையை அமெரிக்கா 1946 ஜூலை 4 அன்றுதான் ஏற்றது. மறுக்கும் உரிமையை மறுத்துவிட்டுச் செய்யப்படும் நன்மை, எந்தத் தெய்வத்தின் பெயரால் செய்யப்பட்டாலும், ஆதிக்கமே ஆகும்.