கண்டாரா, கண்டுபிடித்தாரா?

பள்ளிக்கூடப் பரீட்சையில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறதென்று வைத்துக்கொள்வோம்: ‘1770-ஆம் வருஷம் காப்டன் குக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ———.’ கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். பையன் யோசிக்காமல் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவான். மார்க்கும் கிடைத்துவிடும். (குக் அப்போது லெப்டினன்ட்தான், காப்டன் என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது.)

மார்க் போடுமுன் அந்தப் பிரயாணக் கதையில் சற்று மேலே படித்துப் பார்க்கலாம். குக்கின் படகு கரையை நெருங்குகிறது. அங்கே இரண்டு பேர் ஈட்டியோடு நின்று, கூச்சலிட்டுத் தடுக்கிறார்கள். படகிலிருந்து துப்பாக்கி வெடிக்கிறது. இது விரோதிகள் கட்டிவிட்ட கதை அல்ல. குக்கே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பது. வாசலில் ஒருவன் ஈட்டியோடு நிற்கும் வீட்டை யாராவது ‘கண்டுபிடிக்க’ முடியுமோ?

காணாமற்போன சாவியைக் கண்டுபிடிக்கிறோம். ஒளிந்திருக்கும் திருடனைக் கண்டுபிடிக்கிறோம். அதுவரை அது ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்தது என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘கண்டார்’ என்றால் அந்தச் சங்கடம் இல்லை. ‘அடைந்தார்’ என்றாலும் பிழையில்லை.

இலண்டனில் இருந்தவர்களுக்கு அது புதிய கரைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குக்கின் சாமர்த்தியத்தை யார் மறுக்கிறார்கள்? பவளப் பாறையில் கப்பல் மாட்டிக்கொண்டபோது பீரங்கிகளைக் கடலில் வீசி, ஓட்டையை அடைத்து, ஓர் ஆற்று முகத்தில் வாரக்கணக்கில் பழுது பார்த்துத் தப்பிய மனிதர் அவர். அவ்வளவு தொல்லைக்கு நடுவிலும் அந்த நீண்ட கரையைப் படமாக எழுதினார். ‘கரையைப் படமாக வரைந்தார்’ என்று சொல்லுங்களேன். அவர் உழைப்புக்கு உரிய கௌரவமும் கிடைக்கும், பொய்யும் இராது.

ஒரு வினைச்சொல்லுக்கு இத்தனை வழக்கா என்று தோன்றும். ஆனால் கடற்படை அதிகாரிகள் குக்கிடம் கொடுத்தனுப்பிய இரகசிய உத்தரவைப் பாருங்கள். குடிகள் இருந்தால் அவர்கள் சம்மதத்தோடு இடத்தைச் சுவாதீனம் செய்துகொள்ள வேண்டும்; ஆளில்லாத நாடென்றால், முதலில் கண்டுபிடித்தவர் என்ற முறையில் அரசர் பெயரால் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆகஸ்டு மாதம் ஒரு சிறு தீவில் குக் கொடியேற்றி, கிழக்குக் கரை முழுவதும் மூன்றாம் ஜார்ஜ் அரசருடையது என்றார். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. நம் தமிழ்ச் சொல்லைச் சற்றுப் பிரித்துப் படித்தால் சரியாகத்தான் இருக்கிறது: கண்டு, பிடித்தார்!

1788-இல் கைதிகளை ஏற்றிய கப்பல்கள் வந்திறங்கின. அந்த மண் எவருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற வாதத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் தள்ளியது 1992 ஜூன் மாதத்தில். வழக்காடியவர்களில் ஒருவர் டாரஸ் ஜலசந்தித் தீவில் பிறந்த எட்டி மாபோ. தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. அந்த ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.