தப்புச் சத்தத்துக்குக் கீழே

பழைய டூ-இன்-வன் செட்டுக்குள் ஒரு சின்னச் சுற்று உண்டு. வெளியே சத்தம் ஏறினால் பதிவைத் தானாகக் குறைக்கும், சத்தம் அடங்கினால் தானாகக் கூட்டும். மாசி இரவில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துத் திடலுக்கு அந்தச் செட்டைத் தூக்கிப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினார்கள், அவ்வளவுதான். இன்று அந்தக் கேசட்டைப் போட்டால் நடப்பது இது: தப்பு மேளத்தில் அடி விழுகிறது, ரதியின் குரல் முங்கிப் போகிறது. அடி ஓய்கிறது. அடுத்த நொடியில் பின்னாலிருந்த எல்லாம் மெல்ல எழுந்து வருகிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் இரைச்சல், யாரோ ஒரு கிழவரின் இருமல், திடலுக்குக் கீழே பாயும் ஆறு, ரதி மூச்சு வாங்கும் சத்தம். வேஷம் கட்டியவர் ஆண். பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்த களைப்பு அந்த மூச்சில் இருக்கிறது. மறுபடி தப்பு. மறுபடி எல்லாம் முங்குகிறது.

நல்ல ஒலிவாங்கி வைத்து நிலையத்தில் பதிந்திருந்தால் இந்த மூச்சு கிடைத்திருக்காது.

*

இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சுற்றி, டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், கூத்துப் பார்க்கப் போனவர்கள் தாங்களே பிடித்து வைத்த கேசட்டுகளைத் தேடிச் சேர்க்கிறேன். காமன் கூத்து அதிகம். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் குறைவு. எல்லாம் பார்வையாளர் பிடித்தவை. கூத்தாடியவர்கள் தங்களைப் பதிந்து வைக்கவேண்டும் என்று நினைத்ததில்லை. அடுத்த மாசியில் மீண்டும் ஆடப்போகிறவர்களுக்கு அது எதற்கு?

1977க்குப் பிறகு நாட்டின் இறக்குமதிக் கதவு திறந்தது. கொஞ்சக் காலத்தில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் செட்டுகளைக் கொண்டுவந்தார்கள். வரிசை வீடுகளான லயத்தில் ஒரு செட் என்றால் அது அந்த லயத்துக்கே செட். காம்பராவில் கரண்ட் கிடையாது. பெட்டரி வாங்கவேண்டும், வெற்றுக் கேசட் வாங்கவேண்டும். நாட்கூலியான பேர்க்காசை நம்பிய குடும்பத்துக்கு இரண்டும் சின்னச் செலவில்லை. ஆகவே பிறை கண்டு கம்பம் ஊன்றிய நாள் தொடங்கிக் காமனை எரிக்கும் நாள் வரை நடப்பதையெல்லாம் யாரும் பிடிக்கவில்லை. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். எந்த நாற்பத்தைந்து நிமிடம் என்று ஒருவர் தீர்மானித்தார். என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலும் அவர் தேர்ந்தது ஒன்றையேதான்: மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும்போது போகாதே என்று ரதி மறிப்பதும், அவன் எரிந்த பிறகு அவள் அழுவதும். தக்கன் யாகத்தையோ, வீரபத்திரன் வரவையோ, ஆரவாரமான வேறு எதையுமோ அவர்கள் அவ்வளவாக விரும்பவில்லை. போகாதே என்று சொல்லும் பாட்டு எங்கள் மக்களுக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்று நெடுநேரம் யோசித்திருக்கிறேன்.

*

பெட்டரி இறங்க இறங்க மோட்டார் தளரும். நாடா மெதுவாக ஓடியபடி பதியும். பிறகு நல்ல பெட்டரி போட்டு ஓட்டினால் அந்தப் பகுதி வேகமாகக் கேட்கும். போகப் போக ரதியின் குரல் மெலிந்து, உயர்ந்து, கடைசியில் ஒரு சிறுமியின் குரலாகிவிடும்.

இதைச் சரிசெய்ய ஓர் அளவுகோல் வேண்டும். கரண்டில் ஓடிய செட்டென்றால், பதிவின் அடியில் மின்சாரத்தின் ஐம்பது ஹேர்ட்ஸ் முனகல் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கணக்கிடலாம். லயத்துப் பதிவில் அந்த முனகல் இல்லை. தப்பை நம்பலாமா என்று பார்த்தேன். பனியில் தோல் தொய்யும், வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினால் மீண்டும் ஏறும். ஒரே இரவில் பலமுறை சுதி மாறும் வாத்தியம் அது. எனவே மனிதர்களிடம்தான் போகவேண்டும். கேசட்டில் பாடும் கூத்து வாத்தியாரைத் தெரிந்தவர்களின் இஸ்தோப்பில் உட்கார்ந்து போட்டுக் காட்டுவேன். "இல்லத்தம்பி, மாமா கொரலு இன்னுங் கொஞ்சம் கட்ட" என்பார் ஒருவர். குறைப்பேன். "இன்னும்." குறைப்பேன். ஒரு இடத்தில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த இடத்தில் நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொள்வேன். தனித்தனியாக இருவரிடம் கேட்டபோதும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்திருக்கின்றன.

*

மேடையில் நடப்பதை இப்படித் தாங்களே பிடித்து வைப்பது உலகத்தில் பழைய பழக்கம். நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் ஒப்பெரா அரங்கில் நூலகராக இருந்த லயனல் மேப்பிள்சன் 1901 முதல் சில ஆண்டுகள் மேடைக்கு மேலே எடிசன் கருவியை வைத்து மெழுகு உருளைகளில் பாட்டைப் பிடித்தார். 1977 ஜூனில் லொஸ் ஏஞ்சலிஸில் லெட் செப்பிலின் வாசித்தபோது மைக் மில்லார்ட் என்பவர் சக்கர நாற்காலியில் பதிவுக் கருவியை மறைத்துக் கொண்டுபோய்ப் பிடித்த பதிவை ரொக் ரசிகர்கள் இன்றும் தேடிக் கேட்கிறார்கள். கிரேட்ஃபுல் டெட் குழு ஒளித்துப் பிடிக்கவேண்டாம் என்று 1984 ஒக்டோபரில் பெர்க்லியில் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. கேசட்டைக் கைமாற்றலாம், விற்கக்கூடாது என்பது அவர்கள் வட்டத்து ஒழுங்கு. நம் பக்கத்தில், கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி ஐயர் 1968இல் காலமானவர். அவரை நாம் இன்று கேட்பதெல்லாம் பெரும்பாலும் கச்சேரியில் ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்ததால்தான்.

அந்த ரொக் ரசிகர்கள் ஒரே குழுவின் ஒரே பாட்டை இரவுக்கு இரவு ஒப்பிட்டுக் கேட்பார்கள். காமன் கூத்திலும் அந்த இன்பம் உண்டு. கதை ஒன்று. தோட்டத்துக்குத் தோட்டம் மெட்டு வேறு. ஒரு தோட்டத்தில் ரதி இழுத்து இழுத்து ஒப்பாரியாகவே பாடுகிறார். மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் அதே இடத்தில் பழைய சினிமா மெட்டொன்று நுழைந்திருக்கிறது, சனம் கூடவே பாடுகிறது. சுத்தமான கூத்து எது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இரண்டையும் கேட்கக் கொடுப்பேன். தரம் பிரிக்க எனக்கு மனமில்லை.

*

மீனாட்சி அம்மாளைப் பற்றி நினைக்காமல் இந்த வேலை ஓடாது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார். தொழிலாளர் கூட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகளில் பாடியவர். 1940இல் அவருடைய பாட்டுகள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று அச்சில் வந்தன. வரிகளைப் படிக்க முடிகிறது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்க'ளையும் அப்படித்தான் படிக்கிறோம், நன்றியோடு படிக்கிறோம். ஆனால் கூட்டத்தில் அந்த அம்மாள் எங்கே நிறுத்தினார், எங்கே சனம் எடுத்துக்கொடுத்தது என்று எந்தத் தாளும் சொல்லாது. ஒரு செட், ஒரு பெட்டரி அன்று இருந்திருந்தால் என்று மனம் ஏங்கும்.

*

1964 ஒக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. ரயில் கோச்சியில் தலைமன்னார், கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து பலருக்கு நீலகிரி. அவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கின்றன. 1984இல் கப்பல் நின்றது. கடைசிக் காலத்தில் போனவர்களில் சிலர் கேசட்டும் கொண்டுபோனார்கள். அங்கே ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரதி எடுத்து, இரைச்சல் ஏறி, பாதி வார்த்தை புரியாத ஒரு பிரதி என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. மூலக் கேசட் இங்கே லயத்திலேயே பூஞ்சணம் பிடித்து அழிந்துவிட்டது. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடியாகப் படரும், இந்த ஈரத்தில் தப்பிப்பது அரிது. கடல் தாண்டிய பிரதிதான் இப்போது இருப்பது. அதில் இடையிடையே ஊர் விட்டுப் போனவர்கள் பேசும் பேச்சும் பதிந்திருக்கிறது. அதை நான் வெட்டவில்லை. வெட்டமாட்டேன்.

*

என் சேகரிப்பில் ஒரு பெரிய ஓட்டை. பெண்களின் குரல் ஏறக்குறைய இல்லை. ரதியும் ஆண்தான். செட் இளந்தாரிகள் கையில் இருந்தது, அவர்கள் திடலுக்குப் போனார்கள். கொழுந்து மலையில் நிரை பிடித்துக்கொண்டு பெண்கள் பாடியதைப் பிடிக்க எந்தச் செட்டும் மலை ஏறவில்லை. தாலாட்டைப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது யார் பொத்தானை அமுக்குவார்? கேசட்டில் பெண்கள் வருவது சிரிப்பாக, பிள்ளையை அதட்டும் சத்தமாக, ரதி அழும்போது கூட அழும் விசும்பலாக. தப்பு ஓய்ந்து செட் சத்தத்தைக் கூட்டும் அந்த நொடிகளில்தான் அவர்கள் கேட்கிறார்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருளைப் போட்டால் முதலில் போவது அவர்கள்தான். அதனால் நான் அதைத் தொடுவதில்லை.

*

ரதி வேஷம் கட்டியிருந்த ஒரு பெரியவர் தன் கேசட்டைத் தரும்போது ஒரு நிபந்தனை வைத்தார். எரிந்த பிறகு வரும் அழுகையை மாசி தவிர்ந்த நாளில் வீட்டுக்குள் போடக்கூடாது. விரதமிருந்து காப்புக் கட்டி ஆடியவர் சொல்கிறார். பிரதி எடுக்கும்போதுகூட அந்தப் பகுதிக்கு மாசி வரட்டும் என்று காத்திருந்தேன். கேட்க விரும்பி வருகிறவர்களிடமும் இதைச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. சேகரித்தவனுக்குக் கேசட்டின் மேல் உள்ள உரிமையைவிட அந்தக் குரலின் மேல் அவருக்கு உள்ள உரிமை பெரிது என்று நினைக்கிறேன்.

*

இப்போது மாசி இரவில் திடலைச் சுற்றி எல்லார் கையிலும் கைபேசி. பிடிப்பது இரண்டு மூன்று நிமிடம், பெரும்பாலும் கம்பம் எரியும் நேரம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது தரம் சுருங்குகிறது. கைபேசி மாறும்போது மூலமும் போய்விடுகிறது. பெட்டரிக்குக் காசில்லாத காலத்தில் நாற்பத்தைந்து நிமிடம் கையசையாமல் பிடித்து வைத்தார்கள், அதைச் சொல்லித்தான் தம்பிமாரிடம் கேட்கிறேன். ஒரு பாட்டையாவது முழுதாகப் பிடியுங்கள். அனுப்புவதற்கு முன் மெமரி கார்டில் ஒரு பிரதி போடுங்கள். தோட்டம், டிவிசன், ஆண்டு எழுதுங்கள். ரதி யார், தப்பு யார் என்று எழுதுங்கள், கைபேசியைப் பிடித்தவர் பெயரையும் எழுதுங்கள். பழைய கேசட்டுகளின் உறையில் அந்தக் கடைசிப் பெயர் எதிலும் இல்லை.