சுவரில் நின்ற வெளிச்சம்

பின்னிரவு. வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே உட்காரும்போதெல்லாம் ஜெர்மன் யூதக் கவிஞர் நெல்லி சாக்ஸ் நினைவுக்கு வருகிறார். ஸ்டாக்ஹோமில் அவருடைய வீடு ஒரே ஓர் அறை. ஓரத்தில் சின்னதாக ஒரு சமையலிடம். அம்மா நோயாளி. அம்மாவின் தூக்கம் கெடக்கூடாதென்று பல இரவுகள் விளக்குப் போடாமல், இருட்டிலேயே எழுதினாராம். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிப்போய், காலையில் அதைப் படித்தெடுக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். 1940 மே மாதம் பெர்லினிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு தப்பி வந்தபோது அவருக்கு வயது 48.

*

இன்னொரு யூதக் கவிஞர் பால் செலான், சாக்ஸைவிட ஏறக்குறைய 29 வயது இளையவர். செர்னோவிட்ஸ்காரர். அப்பா, அம்மா இருவரையும் நாஜி முகாமில் பறிகொடுத்தவர். அம்மா ஆசையாகச் சொல்லிக்கொடுத்த ஜெர்மன்தான் அம்மாவைக் கொன்றவர்களுக்கும் தாய்மொழி. பாரிஸில் குடியிருந்து, வீட்டில் பிரெஞ்சு பேசிக்கொண்டு, கவிதையை மட்டும் ஜெர்மனிலேயே எழுதினார். அந்த மொழியில் ஒரு வார்த்தையைத் தொடுவதற்கு முன் எவ்வளவு தயங்க வேண்டியிருக்கிறது என்பதை விளக்காமலே புரிந்துகொள்ள அவருக்கு ஸ்டாக்ஹோமில் ஓர் ஆள் கிடைத்தார். 1954இல் தொடங்கிய கடிதங்கள் 1969 டிசம்பர் வரை போயின.

*

1959 அக்டோபரில் சாக்ஸ் எழுதுகிறார்: பாரிஸுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் நடுவே ஒரு தீர்க்கரேகை ஓடுகிறது, வேதனையும் ஆறுதலும் அதில்தான் என்கிற பொருளில். மறு வருஷம் டார்ம்ஸ்டாட்டில் ப்யூஷ்னர் பரிசு வாங்கியபோது செலான் ஆற்றிய உரைக்குத் தலைப்பு ‘தீர்க்கரேகை’. பூகோளப் படத்தில் இரண்டு ஊரும் ஒரே தீர்க்கரேகையில் இல்லை. ஆனாலும் அந்தக் கோடு எனக்குத் தெரிகிறது.

*

1960 மே. சாக்ஸுக்கு ஜெர்மனியில், மீர்ஸ்பர்க்கில் ஒரு பரிசு. அந்த மண்ணில் ஓர் இரவுகூடத் தங்க மனம் வரவில்லை, சூரிக்கில் தங்கினார். அவரைப் பார்க்க செலான் வந்தார். 26ஆம் தேதி, ‘நாரை’ என்று பெயர்கொண்ட ஆற்றங்கரை ஓட்டலில் உட்கார்ந்து கடவுளைப் பற்றிப் பேசினார்கள். சாக்ஸ் நம்பிக்கையுள்ளவர். செலானோ, கடைசிவரை கடவுளை ஏச முடிந்தால் போதும் என்றவர். எதிரே இருந்த தேவாலயம் ஆற்றுத் தண்ணீரில் பொன்னாக விழுந்து கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

*

அதே கோடையில் சாக்ஸின் மனம் உடைந்தது. நாஜிகள் இன்னும் தன்னைத் துரத்துகிறார்கள், வானொலித் தந்தி வைத்து வேவு பார்க்கிறார்கள் என்று எழுதினார். செலானின் பதில்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதெல்லாம் பிரமை என்று அவர் வாதாடவில்லை. ஒரு கடிதத்தில், பாரிஸில் எங்கள் வீட்டில் இரண்டாம் முறை கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோமே, அப்போது சுவரில் பொன்வெளிச்சம் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறார். அவ்வளவுதான். பயந்து கிடக்கிற ஒருவருக்கு, அவரே கண்ணால் பார்த்த ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார்.

செப்டம்பரில் செலான் ரயிலேறி ஸ்டாக்ஹோம் போனார். சாக்ஸ் இருந்த ஆஸ்பத்திரி அறையின் வாசல்வரை போனார். சாக்ஸுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை என்பார்கள். உள்ளே விடவில்லை என்றும் சொல்வார்கள். பாரிஸிலிருந்து அத்தனை தூரம் போய், ஒரு கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். அதற்குப் பிறகும் கடிதம் எழுதினார்கள், சிறிதாக, இடைவெளி விட்டு. 1970 ஏப்ரலில் செலான் சேன் நதியில் போய்விட்டார். மே 12 அன்று அவரை அடக்கம் செய்தார்கள். சாக்ஸ் இறந்ததும் அதே நாள்.

*

என் நண்பன் ஒருவன் முன்பு எனக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதியிருந்தான். மடித்து ஒட்டுகிற ஓரத்தையும் விடாமல் நுணுக்கி நுணுக்கி. தெருமுனையில் இரண்டு பேர் தினமும் நின்று தன்னையே பார்க்கிறார்களாம். அன்றைக்கே பதில் போட்டேன். அப்படி யாரும் இருக்க மாட்டார்கள், நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, நல்ல டாக்டராகப் பார் என்று. சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவனிடமிருந்து அப்புறம் கடிதம் வரவில்லை.

அந்த லெட்டரை இப்போது எடுத்து வைத்திருக்கிறேன். மடிப்பு விட்டுப்போய், நீல மை பழுப்பேறியிருக்கிறது. பள்ளிக்கூட நாளில் ஒரு சாயங்காலம், தெப்பக்குளத்துப் படியில் அவனும் நானும் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீரில் பட்ட வெயில் மண்டபத்தின் உள்விதானத்தில் அலையலையாக ஆடியது. கழுத்து வலிக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதை எழுதியிருக்கலாம்.