கண்ணாடிக்கு வெளியே நிற்கும் குதிரை

காகிதத்தில் குதிரைவீரன் செய்கிறவரை முதலில் சோதிப்பது குதிரையின் கால்கள்தான். கவசம் பூண்ட வீரன், ஈட்டி, கேடயம், குதிரையின் முதுகில் தொங்கும் போர்வை என்று பாரம் முழுவதும் மேலே. தாங்க நான்கு காகிதக் குழல்கள் மட்டும். சாதாரணத் தாள் வளைந்துவிடும், 200 ஜிஎஸ்எம் அட்டை வேண்டும். மடிக்கும் கோட்டின்மேல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் விளிம்பு பிசிறும். வெட்டிய ஓரங்களில் வெள்ளை தெரியாமல் கலர் பென்சிலால் ஓர் இழுப்பு இழுக்க வேண்டும்.

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டுப் படைவீரன் அணிந்த முழு இரும்புக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ. முழங்கை, முழங்கால், விரல் என்று உடம்பு மடங்கும் இடமெல்லாம் சிறு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நகரும். படத்தில் பார்க்கும்போது அது வெறும் அலங்காரம். விரல் நுனி அளவு அட்டைத் துண்டுகளை வரிசையாக ஒட்டி வந்தபோதுதான், அந்தக் காலக் கொல்லன் மனித உடம்பை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறான் என்று எனக்கு உறைத்தது. வேறெந்த வழியிலும் இவ்வளவு கிட்டத்தில் அவனை நான் அறிந்திருக்க மாட்டேன்.

செய்து முடித்த பிறகு வந்தது வேறொரு கேள்வி. எங்கே வைப்பது? கேரளத்தில் எங்கள் ஊரான காரக்கோணத்தில் இடவப்பாதி மழை தொடங்கினால் சுவரே வியர்க்கும். துலாமழைக்கு அட்டை ஈரம் குடித்துத் தொய்யும். மைதாப் பசையை மோப்பம் பிடித்துக் கரப்பான் வரும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: “கண்ணாடிப் பெட்டி செய்து உள்ளே வையுங்க.” அன்பால் சொன்னதுதான். என் மனம் மட்டும் ஒப்பவில்லை.

நாங்கள் பார்த்து வளர்ந்த குதிரை தெருவுக்கு வருகிற குதிரை. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து ஆண்டுதோறும் புறப்படும் சாமி ஊர்வலம் குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகிறது. தேவாரக்கட்டு சரஸ்வதி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, வேளிமலைக் குமாரசுவாமி ஆகிய மூவரோடும் குமாரசுவாமியின் வெள்ளிக் குதிரையும் போகும். 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடு இந்தப் பக்கமுமாக எல்லை விழுந்தது. ஊர்வலம் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. வெள்ளி விலைமதிப்புள்ள பொருள், பூட்டி வைக்க எல்லா நியாயமும் உண்டு. இருந்தாலும் அது புழுதிக்கும் தூறலுக்கும் நடுவேதான் வருகிறது.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் புரவியெடுப்பு இதைவிடத் துணிச்சலானது. வேளார்கள் களிமண்ணைப் பிசைந்து, உறுப்பு உறுப்பாக வனைந்து இணைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டிய குதிரைகளை ஊரே தோளில் சுமந்து அய்யனாரிடம் கொண்டுபோய் விடுகிறது. அதன்பின் அவற்றுக்குக் கூரையும் கிடையாது, காவலும் கிடையாது. வெயிலும் மழையும் பட்டுக் காது உதிரும், கால் உடையும், கடைசியில் மண்ணோடு மண்ணாகும். செய்யும்போது அத்தனை கவனம் காட்டியவர்கள், செய்து முடித்ததைப் பற்றிக்கொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். அலட்சியம் என்று இதை நினைப்பவர்களோடு எனக்குக் கடும் கருத்துவேறுபாடு உண்டு. அடுத்த புரவியெடுப்புக்கு மீண்டும் வனையத் தெரிந்த கை ஊரில் இருக்கிறது என்ற நம்பிக்கை அது.

புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் அய்யனார் கோயில் முன்னால் நிற்கும் பெரிய குதிரைச் சிலைக்கு, மாசி மகத்தன்று காகிதப் பூமாலைகளை மலை மலையாகச் சாத்துகிறார்கள். திறந்தவெளியில், வானத்தைப் பார்த்து நிற்கும் குதிரைக்குக் காகிதம்! வாடாத பூ வேண்டும் என்று காகிதத்தைத் தேர்ந்தவர்கள், அது நனைந்து கரையும் என்பது தெரியாதவர்களா என்ன?

எல்லாவற்றையும் வெளியே விட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்களைத் தொடக் கூடாது. மறுபடி எழுத அந்தக் கை இல்லை. காகித வீரனின் கதை அப்படியல்ல. பாகங்கள் அச்சிட்ட தாள் இருக்கும்வரை எந்த உறுப்பையும் திரும்ப வெட்டலாம். அதனால் நான் காக்க வேண்டியது அந்தத் தாளையும், வெட்டுவதற்கான பொறுமையையும்தான். சேமித்த பணம், பெற்ற படிப்பு, பழகிய உறவு என்று எத்தனையோ விஷயங்களில், திரும்பச் செய்யக்கூடியதையும் செய்ய முடியாததையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டைப் போடுகிறோம் என்று இப்போது தோன்றுகிறது. பூட்டிய பொருளுக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்து இன்னொருவருக்கு ஆசை வரும் வாய்ப்பு மட்டும் போய்விடும்.

வீரன் கூடத்து மேசையில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் நிற்கிறான். ஈட்டி நுனி மழுங்கிவிட்டது. குதிரையின் ஒரு காது புதிதாக ஒட்டியது. பக்கத்து வீட்டுப் பையன் பாகங்களின் தாளைக் கேட்டான், ஒரு படி எடுத்துக் கொடுத்தேன். அவனுக்குக் குதிரை கறுப்பாக வேண்டுமாம், வீரன் கையில் ஈட்டிக்குப் பதில் வேல் வேண்டுமாம்.